உயிரோடு இருந்தபோது ஏன் முடியவில்லை?

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

தருமபுரியிலிருந்து எழுதுகிறேன். பெண்களின் படங்களை இணையத்தில் பரப்பும் கொடுமை பற்றி மனு எழுதி ஓய்ந்துவிட்டோம். இனி ஊரறியக் கேட்பதுதான் மிச்சம்.

தொப்பூர் கணவாயைத் தாண்டினால் சேலம் மாவட்டம். 2016 ஜூனில் அங்கே ஓர் இளம்பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி முகநூலில் போட்டான் ஒருவன். 23ஆம் தேதியே தகப்பனார் போலீஸிடம் போய்விட்டார். பொறுத்திருக்கச் சொன்னார்கள். சைபர் பிரிவுக் காவலர் ஒருவர் அவரிடமே ஒரு செல்போனை லஞ்சமாக வாங்கிக்கொண்டார். அதற்குள் இன்னொரு படமும் வந்தது. 27ஆம் தேதி அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அடுத்த சில நாட்களில் படம் போட்டவன் பிடிபட்டான். ஐயா, என்னால் இதைத் தாண்டிப் போக முடியவில்லை. முகநூலிலிருந்து தகவல் வர வேண்டும், நாளாகும் என்ற காரணமெல்லாம் பிணம் விழுந்ததும் எங்கே போயின? மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். பெற்றவர்களுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அதற்குப் பிறகாவது திருந்தினீர்களா? 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் வெளிவந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். தன் அந்தரங்கக் காணொளி இணையத்தில் பரவுவதாகப் புகார் கொடுத்த பெண் வழக்கறிஞரை, அதில் இருக்கும் ஆளை அடையாளம் காட்டச் சொல்லி, ஆண் காவலர்கள் ஏழு பேர் சூழ அந்தக் காணொளியைப் பார்க்க வைத்திருக்கிறார்கள். சட்டம் படித்து வாதாடுகிறவருக்கே இந்தக் கதி!

எங்கள் பென்னாகரம், அரூர்ப் பக்கத்துப் பெண்பிள்ளை என்ன செய்வாள்? படம் வெளியே வந்தது வீட்டுக்குத் தெரிந்தால் முதலில் அவள் போனைப் பிடுங்குவார்கள். பிறகு காலேஜை நிறுத்துவார்கள். அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள். இத்தனைக்கும் துணிந்து ஒருத்தி ஸ்டேஷன் படியேறினால், "நீ ஏம்மா போட்டோ போட்டே?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. அந்தக் கேள்விக்குப் பயந்தே புகார் கொடுக்காமல் இருக்கிறார்கள். புகார் வரவில்லை என்று கணக்குக் காட்டாதீர்கள்.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைச் சுவரெல்லாம் ஒட்டினால் போதாது. புகார் வந்த அன்றைக்கே படத்தை நீக்க வையுங்கள். புகார் கொடுத்தவளிடம் பேசப் பெண் அதிகாரியை உட்கார வையுங்கள். அவள் பெயர் வெளியே போனால், விட்டவர் யாரோ அவர் வேலையை இழக்கட்டும். இதைக்கூடச் செய்ய மாட்டீர்கள் என்றால், எங்கள் பெண்களை எந்த நம்பிக்கையில் உங்களிடம் அனுப்பச் சொல்கிறீர்கள்? பதிலை எனக்கு எழுத வேண்டாம். எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்.

தருமபுரியிலிருந்து,
பெண் பிள்ளையைப் பெற்ற ஒருத்தி