வீட்டுமனையே இல்லாதவர்களுக்கு ஏது நினைவு இல்லம்?

சின்ன காஞ்சிபுரத்தில் அறிஞர் அண்ணா வாழ்ந்த வீடு இன்று அரசு நினைவு இல்லமாக இருக்கிறது. 1909-இல் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, 1942-இல் இதே ஊரிலிருந்து 'திராவிட நாடு' இதழைத் தொடங்கி, 1967-இல் முதலமைச்சரானவர் அவர். திரும்பிய பக்கமெல்லாம் கோபுரமும் மடமும் தெரியும் ஒரு நகரத்தில், கடவுளாகவோ மடாதிபதியாகவோ இல்லாத ஒரு மனிதரின் வீடு பாதுகாக்கப்படுவது சின்ன விஷயம் இல்லை. அந்த வெற்றியைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமும் இல்லை.

ஆனால் அந்த வீட்டோடு கதை முடிந்துவிடுகிறது என்பதுதான் பிரச்சினை. 2015 ஜனவரியில் ஒன்றிய அரசு அறிவித்த 'ஹிருதய்' பாரம்பரிய நகரத் திட்டத்தில் இந்தியா முழுவதும் 12 நகரங்கள் தேர்வாயின. தமிழ்நாட்டிலிருந்து வேளாங்கண்ணியும் காஞ்சிபுரமும் இடம்பெற்றன. அதன் பிறகு ஊரில் 'பாரம்பரியம்' என்ற சொல் புழங்கும் வேகத்தைப் பார்த்து வருகிறேன். பாரம்பரிய நடை, பாரம்பரியக் கண்காட்சி, பாரம்பரியப் பட்டு. உள்ளூர் வரலாற்றுக்கு ஒரு கழகம் வேண்டும், பழைய வீடு ஒன்றை அருங்காட்சியகம் ஆக்க வேண்டும் என்ற பேச்சும் அவ்வப்போது எழுகிறது. நல்ல பேச்சுதான். ஆய்வு மாணவியாக அப்படிப்பட்ட கூட்டம் ஒன்றில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே எல்லோரும் கேட்ட முதல் கேள்வி இது: "எந்தப் பழைய வீடு இன்னும் நன்றாக நிற்கிறது?"

இந்தக் கேள்வியிலேயே பாதி வரலாறு வெளியே தள்ளப்பட்டுவிடுகிறது.

மிஞ்சியிருப்பது யாருடைய சுவர்?

ஒரு வீடு நூறு ஆண்டு நிற்க வேண்டுமென்றால் செங்கல், சுண்ணாம்பு, தேக்கு மட்டும் போதாது. அடிமனை சொந்தமாக இருக்க வேண்டும். நாளை யாரும் வந்து காலி செய் என்று சொல்ல முடியாத உறுதி வேண்டும். அந்த உறுதி இந்த மண்ணில் யாருக்கு இருந்தது?

காஞ்சிபுரம் அப்போது செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதி. 1891-இல் அந்த மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பில் இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர், பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலங்களுக்கு வழி திறந்த அறிக்கை என்று நாம் அதை நினைவில் வைத்திருக்கிறோம். 1892-இல் அரசாணையும் வந்தது. அந்த அறிக்கையின் இன்னொரு பக்கம் குறைவாகவே பேசப்படுகிறது. உழைக்கும் நிலம் மட்டுமல்ல, படுத்துறங்கும் குடிசையின் மனையும் சேரி மக்களுக்குச் சொந்தமில்லை என்பதை அவர் பதிவு செய்தார். சேரி நத்தமே தங்களுடையது என்று மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினார்கள். கூலி கூடுதலாகக் கேட்டாலோ, வேறு வேலைக்குப் போக நினைத்தாலோ, வீட்டைவிட்டு வெளியேற்றுவேன் என்ற மிரட்டல் காத்திருந்தது.

வீட்டைக் காட்டியே அடிமைப்படுத்தப்பட்ட ஒரு மக்கள் எப்படித் தேக்குத் தூண் நட்டிருப்பார்கள்? எனவே 'எஞ்சிய கட்டடம்' என்பதை அளவுகோலாக வைத்துத் தொடங்கும் எந்த வரலாற்றுக் கழகமும் தன்னை அறியாமலே மிராசு முறையின் முடிவை ஒப்புக்கொள்கிறது. யாருக்கு மனை இருந்ததோ அவர்களுக்கு வரலாறு. மற்றவர்களுக்கு, அதிகம் போனால், ஒரு பேனரில் 'உழைக்கும் மக்கள்' என்று இரண்டு சொற்கள்.

வீட்டை எடுத்தார்கள், தெருவை விட்டார்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா பலரும் பார்த்திருக்கக்கூடிய இடம். தென்னிந்தியாவின் பழைய வீடுகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் உண்டு. அழிந்துபோயிருக்க வேண்டிய வீடுகள் அங்கே நிற்கின்றன என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஒரு வீட்டைப் பெயர்த்து இன்னோரிடத்தில் வைக்கும்போது எது கூட வராது? தெரு வராது.

சாதி தனித்தனி வீட்டுக்குள் மட்டும் வாழ்வதில்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் வாழ்கிறது. எந்தத் தெருவில் யார் செருப்போடு நடக்கலாம், எந்தக் கிணற்றில் யார் வாளி இறக்கலாம் என்பதுதான் ஊரின் உண்மையான வரைபடம். செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1924-இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுத்தெரு, பொதுக்கிணறு, பொது இடம் எதையும் தாழ்த்தப்பட்டோருக்கு மறுக்கக் கூடாது என்று. தெருவில் நடப்பதற்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது. அடுத்த ஆண்டு, 1925 நவம்பரில், இதே காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாகாண மாநாட்டில்தான் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட்டு பெரியார் வெளியேறினார். இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்லாமல் காஞ்சியின் ஒரு தெருவைப் பற்றியும் பேச முடியாது. நம் பாரம்பரிய நடைகளோ கோபுரத்தில் தொடங்கிப் பட்டுக்கடையில் முடிகின்றன.

தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்

பட்டுக்கே வருவோம். காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் பிரியாதபடி மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்வது. இதை ஒருவர் தனியாக நெய்வது கடினம். நெசவாளிக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். பல பத்தாண்டுகள் அந்த ஒருவர் பெரும்பாலும் ஒரு குழந்தை. வீட்டில் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் உட்கார வைக்கப்பட்ட குழந்தை. 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் குறித்து வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் முக்கியமான இடம். தலித், இஸ்லாமிய ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் இதில் சிக்குவதை அது எழுதியது. அதற்குப் பிறகுதான், 2000-களின் நடுவில், காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீட்டில் ஊரின் பெயர் இருக்கிறது. பிள்ளைகளின் பெயர் எங்கும் இல்லை.

என் அம்மா அந்தப் பிள்ளைகளில் ஒருவர். காஞ்சிக்கு வெளியே ஒரு காலனியிலிருந்து பக்கத்து ஊர் தறிக்கு ஒன்பது வயதில் போனவர். தறிக்குழி வரைக்கும் வரலாம், அடுப்படி வாசலைத் தாண்டக் கூடாது. தாகமெடுத்தால் கையைக் குவிக்க வேண்டும், மேலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். அவர் கை பட்ட சேலை மணவறைக்குப் போகும். அந்தக் கை பட்ட சொம்பு கழுவப்படும். ஒருமுறை ஒரு நெசவுக் கண்காட்சிக்கு அம்மாவை அழைத்துப் போனேன். தறி இருந்தது, பாவு இருந்தது, விளக்கப் பலகை இருந்தது. எல்லாவற்றையும் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "நான் குந்தியிருந்த எடம் எங்கடி?"

நூல் சுற்றிய பெண்களும் இதே கேள்வியைக் கேட்கலாம். தறிக்கு வேண்டிய தாரைச் சுற்றிக் கொடுத்த கைகளுக்குக் கூலி தனியாகக் கிடையாது, 'வீட்டு வேலை' என்ற பெயர்தான். நெசவாளர் சமூகங்களும் முதலாளியிடம் கடன்பட்டுக் கிடந்தவைதான் என்பதை நான் மறக்கவில்லை. சுரண்டப்பட்டவர் ஒருவர், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் இன்னும் கீழே: அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை ஒரு தறியில் வைத்தே விளக்கிவிடலாம். ஒரு நெசவாளர் வீட்டை அருங்காட்சியகம் ஆக்குகிறோம் என்றால், அந்த வீட்டுக்குள் ஓடிய இந்தக் கோட்டைத் தரையில் வரைந்து காட்டும் துணிவு வேண்டும்.

"சேரியைக் காட்சிக்கு வைப்பதா?"

இயக்கத் தோழர்களிடம் இதைப் பேசும்போது ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. 'சேரி ஒழிய வேண்டும் என்கிறோம். அதைப் போய்க் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதா? இழிவை நிரந்தரமாக்குவதா?' 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் போற்றிய குரல்களை அம்பேத்கர் எவ்வளவு கடுமையாக மறுத்தார் என்பதும் நமக்குத் தெரியும். 'உள்ளூர்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் நஞ்சை அவரைவிட யார் அறிவார்?

என் பதில் இது. நாம் குடிசையைக் காட்சிக்கு வைக்க வேண்டாம். குடிசையை எதிர்த்து நடந்த போராட்டத்தை வைப்போம். மனைப்பட்டா கேட்டு எழுதிய மனுவின் நகல், அம்பேத்கர் மன்றத்தின் நிகழ்ச்சிக் குறிப்பேடு, இரவுப் பள்ளியின் வருகைப் பதிவு, பஞ்சமி நிலம் என்று குறிப்பிட்ட பழைய நிலப் பதிவேட்டின் பக்கம். 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தின்போது செங்கல்பட்டில் காவல்துறை துப்பாக்கியால் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அந்தப் போராட்டத்தின் துண்டறிக்கைகள் எத்தனை வீட்டுப் பரணில் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றனவோ! அம்பேத்கர் மும்பையில் புத்தகங்களுக்காகவே கட்டிய 'ராஜகிருஹம்' இன்று நினைவு இல்லம். 2020 ஜூலையில் அதைத் தாக்கினார்கள். யாருக்கும் பயமில்லாத வீட்டை யார் தாக்கப் போகிறார்கள்?

வீடே மிஞ்சாவிட்டாலும் அருங்காட்சியகம் முடியும் என்பதற்கு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் சான்று. அங்கே டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966-இல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி, வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். 1994-இல் ஒரு பழைய தேவாலயத்தில் அந்த மக்கள் அருங்காட்சியகம் திறந்தார்கள். தரை முழுவதும் பழைய தெருக்களின் வரைபடம். தங்கள் வீடு எங்கே இருந்தது என்று அவர்களே வந்து பெயர் எழுதினார்கள். வீடு போனாலும் தெருவை மீட்டார்கள்.

நம்மால் செய்யக்கூடியது

இதற்குக் கோடிகள் வேண்டாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் ஒரு கழகத்தைப் பதிவு செய்யலாம். ஆனால் அந்த ஏழு பேர் யார் என்பதிலேயே எல்லாம் முடிவாகிவிடும். நிர்வாகக் குழுவில் தலித்துகளும் பெண்களும் தறித் தொழிலாளர்களும் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று துணைவிதியிலேயே எழுதுங்கள். பெருந்தன்மையை நம்பி விடாதீர்கள். கட்டடச் சாவியும் கணக்குப் புத்தகமும் ஒரே குடும்பத்தின் கையில் மூன்று ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

எந்தப் பொருள் வந்தாலும் அன்றே பதிவேட்டில் ஏற வேண்டும்: யார் கொடுத்தார், யார் செய்தார், யார் பயன்படுத்தினார். சேலை என்றால் கடையின் பெயர் மட்டும் போதாது. நெய்தவர் யார், பக்கத்தில் உட்கார்ந்தவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். ஜரிகைச் சேலையை மடித்து வைத்தால் மடிப்பில் அறுந்துவிடும். வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்து உருளையில் சுற்றி, வெயில் படாமல் வையுங்கள். காகிதங்களைப் பிடுங்கி வராதீர்கள். படமெடுத்துவிட்டு மூலத்தை அந்த வீட்டிலேயே விடுங்கள். பட்டா மனுவின் நகல் ஒரு குடும்பத்துக்கு வெறும் ஆவணம் அல்ல, நாளைய வழக்கின் சான்று.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்ததிலிருந்து ஏகனாபுரம் மக்கள் போராடிவருகிறார்கள். அதற்காகக் குறிக்கப்பட்டவை 13 கிராமங்கள். அந்தப் போராட்டம் வெல்ல வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் வெல்லும்வரை வரலாற்றுக் கழகம் காத்திருக்க முடியாது. இடிப்பு என்று வரும்போது பட்டா உள்ள வீட்டுக்கு ஒரு கோப்பு இருக்கும், இழப்பீட்டுத் தொகை இருக்கும். புறம்போக்கிலும் நத்தத்திலும் காகிதம் இல்லாமல் வாழ்ந்தவருக்கு, 'இங்கே இருந்தேன்' என்று சொல்லக்கூட ஆதாரம் இருக்காது. 1891-இன் கேள்வி அப்படியே திரும்பி வந்து நிற்கிறது: மனை யாருடையது?

கையில் செல்பேசி இருக்கும் தோழர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். உங்கள் தெருவில் தறிக்குப் போன ஒரு பெண்ணிடம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுங்கள். ஊரின் வரைபடம் ஒன்றை அவர் சொல்லச் சொல்ல வரையுங்கள்: எந்த வழியாக நடந்தார், எந்த வழியை விட்டுச் சுற்றிப் போனார், எங்கே தண்ணீர் குடித்தார். தேதி போடுங்கள். அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டு, சம்மதித்தால் முழுப் பெயரையும் எழுதுங்கள். அருங்காட்சியகத்துக்குக் கட்டடம் பிறகு கிடைக்கும். அந்தத் தலைமுறை போய்விட்டால் இந்த வரைபடம் கிடைக்காது.