பந்து கையில் இல்லாத நாலு பேர்



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியில் செருப்புத் தேடிக்கொண்டு நின்றபோது ஒரு வாப்பா கேட்டார்: "சேர், நம்மட ஊருல கூடைப்பந்து நல்லா வெளாடுற என்ட மகன்தானே. அவன ஓட விடாம, பந்த மத்தப் பொடியன்மாருக்குக் குடு குடு எண்டு சொல்றீங்களாம். அப்ப எப்படி வெல்ற?" பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அந்த வெயிலில் நின்று விளக்கம் சொல்ல முடியவில்லை. "எழுதுறன் காக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவருடைய மகனின் கால் வேகமும் கையில் பந்து ஒட்டிக்கொள்வது போன்ற ட்ரிபிளும் வரிப்பத்தான்சேனையில் வேறு பிள்ளைக்கு இல்லை. கடந்த வருடம் வலய மட்டப் போட்டிக்குப் போனபோது நானும் அந்த வாப்பா சொன்ன மாதிரிதான் செய்தேன். பந்தை அவனிடம் கொடு, மற்றவர்கள் வழிவிடு. முதல் பாதியில் அவன் மூன்று பேரைத் தாண்டிப் போய்ப் போட்டான். இரண்டாம் பாதியில் எதிரணி ஆசிரியர் ஒன்றே ஒன்று செய்தார்: அவன் முன்னால் இரண்டு பேரை நிறுத்தினார். அதோடு எங்கள் கதை முடிந்தது. மற்ற நாலு பேரும் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பிழையில்லை. நிற்கச் சொன்னது நான்தான்.

திரும்பி வரும்போது வானில் பின்சீட்டிலிருந்து ஒரு பிள்ளை, யாரையும் குறை சொல்லாமல், சும்மா கணக்குச் சொல்வது போலச் சொன்னான்: "சேர், நான் ஒருக்காக்கூட பந்தத் தொடல்ல." அந்தப் போட்டிக்கென்று அவன் உம்மா புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்திருந்தார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஐந்து பேரும் பந்தைச் சமமாக வைத்திருந்தால்கூட ஒரு பிள்ளையின் கையில் பந்து இருப்பது ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான். மிச்ச நேரம் முழுக்க அவன் பந்து இல்லாமல்தான் மைதானத்தில் நிற்கிறான். நாம் பழக்குவதெல்லாம் அந்த ஒரு பங்குக்கு: ட்ரிபிள், ஷூட், பாஸ். மிச்ச நாலு பங்கில் என்ன செய்வதென்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கல்வியியற் கல்லூரியில் எனக்கும் கோர்ட்டின் நீள அகலமும் ஃபவுல் வகைகளும்தான் மனப்பாடம். 28 மீட்டருக்கு 15 மீட்டர், ரிங் 3.05 மீட்டர் உயரம். பரீட்சைக்கு அது போதுமாக இருந்தது.

அந்த நாலு பங்குக்கான பதிலைத்தான் மோஷன் ஒஃபென்ஸ் என்கிறார்கள். பெயர் பெரிது, விஷயம் சின்னது. ஐந்து பேரும் ரிங்கிலிருந்து தள்ளி, நாலு ஐந்து மீட்டர் இடைவெளியில் விரிந்து நிற்கிறார்கள்: நடுவில் ஒருவன், இரண்டு பக்கத்திலும் இருவர், இரண்டு மூலையிலும் இருவர். நடுவில் நிற்பவன் வலப்பக்கம் பாஸ் கொடுத்தால் அங்கேயே நிற்கக் கூடாது. கையை நீட்டிக்கொண்டு ரிங்கை நோக்கி ஓட வேண்டும். திரும்பப் பந்து வந்தால் போடலாம். வராவிட்டால் இடது மூலைக்கு வெளியேற வேண்டும். அவன் விட்ட நடு இடத்துக்கு இடப்பக்கத்தில் நின்றவன் வருவான், அவனுடைய இடத்துக்கு இடது மூலையில் நின்றவன் வருவான். மறுபடி ஐந்து இடமும் நிரம்பிவிட்டது, மறுபடி ஆட்டம் தொடங்குகிறது. இதற்கு முடிவே கிடையாது. சந்தர்ப்பம் கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கலாம்.

இடத்தை நிரப்புவது பிள்ளைகளுக்கு முதலில் விளங்கவில்லை. சோக்கால் தரையில் வட்டம் போட்டேன், அம்புக்குறி போட்டேன், சரிவரவில்லை. பிறகு ஒருநாள் கேட்டேன்: "ஜமாஅத்துல முன் ஸஃப்புல ஒராள் வெளியே போனா, பின்னால நிக்கிற நீங்க என்ன செய்வீங்க?" "முன்னுக்குப் போய் நிப்போம் சேர்." "யாரும் சொல்லணுமா?" "இல்ல சேர்." அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து "ஸஃப்! ஸஃப்!" என்று அவர்களே ஒருவரையொருவர் கத்திக்கொள்கிறார்கள்.

காவல் காக்கிறவன் பந்து வரும் வழியை மறித்தால் அவனோடு மல்லுக்கட்டாமல் அவன் முதுகுக்குப் பின்னால் ரிங்குக்கு ஓட வேண்டும். அதற்குக் கிளித்தட்டுப் போதும். ஒரு பக்கம் போவது போலக் காட்டி மறுபக்கம் பாய்வது நமது பிள்ளைகளுக்கு யாரும் பழக்கித் தர வேண்டியதில்லை.

நாங்கள் தொடங்கியது ஐந்து பேரோடு அல்ல, மூன்று பேரோடு. அதுவும் முதல் மூன்று கிழமை ட்ரிபிளே கிடையாது. பொடியன்மார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். அவர்களைப் பெண் பிள்ளைகளின் வலைப்பந்துப் பயிற்சியைப் பார்க்க வைத்தேன். வலைப்பந்து கூடைப்பந்திலிருந்து பிறந்த விளையாட்டு. அதில் பந்தோடு ஓட முடியாது, மூன்று விநாடிக்குள் கைவிட்டாக வேண்டும். ஆகவே பாஸ் கொடுத்ததும் வெற்றிடம் தேடி ஓடுவது அந்தப் பிள்ளைகளுக்குத் தன்னாலேயே வருகிறது. 2018இலும் 2022இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை வலைப்பந்து அணியைப் பற்றிப் பேசும்போது நாமெல்லோரும் தர்ஜினி சிவலிங்கத்தின் உயரத்தைத்தான் பேசுகிறோம். அந்த உயரத்துக்குப் பந்தைக் கொண்டு சேர்க்க மற்றவர்கள் எவ்வளவு ஓடியிருப்பார்கள் என்று பேசுவதில்லை. (பெண் பிள்ளைகள் கூடைப்பந்து ஆடினால் தலையை மூடலாமா என்று கேட்பவர்களுக்கு: சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2017இலேயே அனுமதித்துவிட்டது. மிச்சம் நம் கையில்.)

இதன் குறையையும் சொல்ல வேண்டும். முதல் மாதம் பார்க்கச் சகிக்காது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வெட்டி ஓடி ரிங்குக்குக் கீழே மோதிக்கொள்வார்கள். பந்தைப் பிடித்தவன் அவசரப்பட்டு யாருமில்லாத பக்கம் எறிவான். இப்போது "பிடிச்சா மனசுக்குள்ள ரெண்டு எண்ணு, பிறகு குடு" என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். பக்கத்து ஊரோடு ஆடிய சிநேகபூர்வப் போட்டியில் தோற்றோம். ஒருவனை நம்பி ஆடியிருந்தால் அதை வென்றிருப்போம் என்பதையும் மறைக்கவில்லை. இந்த வருடம் ஒரு சான்றிதழ் மட்டும்தான் தேவை என்றால் அந்த வாப்பா சொல்வதே சரி. ஆனால் எனக்கு இந்தப் பிள்ளைகள் பதினேழு வயதிலும் ஆட வேண்டும். பந்தைத் தொடாத பிள்ளை அடுத்த வருடம் மைதானத்துக்கே வரமாட்டான்.

நமது கிழக்கில் இந்த விளையாட்டு வேர் பிடித்ததும் ஒரு பருவத்தில் அல்ல. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்துப் பெயர் நாடறிந்தது. அங்கே பழக்கியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த யூஜின் ஹெபர்ட் என்ற அருட்தந்தை. இளவயதில் வந்தவர், இங்கேயே முதுமை அடைந்தார். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், கூட வந்த இளைஞரோடு காணாமல் போனார். இன்றுவரை தகவல் இல்லை. அந்த ஆகஸ்ட் காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் என்ன செய்தது என்பதை இதை வாசிக்கும் பலர் நேரடியாக அறிவீர்கள். நான் அப்போது பிறந்திருக்கவே இல்லை. நம் எல்லாருடைய பிள்ளைகளுக்கும் பந்து பழக்க ஒரு மனிதர் இத்தனை வருடம் இந்த மண்ணில் நின்றார் என்பதை மட்டும் நினைத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் என்னுடைய ஒரு வருடத் தோல்வி எம்மாத்திரம்.

மோஷன் ஒஃபென்ஸ் என்றாலே சொல்லப்படும் பெயர் அமெரிக்காவின் பொப் நைட். 1976இல் அவருடைய இந்தியானா பல்கலைக்கழக அணி 32 போட்டிகளில் 32ஐயும் வென்றது. அதே மனிதர் 1985இல் ஒரு போட்டியின் நடுவில் கோபத்தில் கோர்ட்டுக்குள் நாற்காலியை எறிந்தார். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டேன். நமது பாடசாலையில் நாற்காலிக்கும் தட்டுப்பாடு.

இனி அந்த வாப்பாவுக்கு. காக்கா, உங்கட மகனிடமிருந்து நான் பந்தைப் பறிக்கவில்லை. போன வருடம் அவன் இரண்டு பேரை முன்னால் வைத்துக்கொண்டு ரிங்கிலிருந்து ஏழெட்டு மீட்டர் தூரத்தில் மாட்டிக்கொண்டான். இப்போது பாஸ் கொடுத்துவிட்டு அந்த வேகத்தோடு வெட்டி ஓடுகிறான், ரிங்குக்குப் பக்கத்தில், முன்னால் யாருமில்லாமல், பந்து திரும்ப அவன் கைக்கு வருகிறது. போன செவ்வாய்க்கிழமை அப்படி மூன்று தரம் போட்டான். அதில் இரண்டு தரம் பந்தைத் திருப்பிக் கொடுத்தது வானில் பின்சீட்டில் இருந்த அந்தப் பிள்ளை. உங்கட மகன் ஓடிப்போய் அவன் முதுகில் தட்டினான். வீட்டில் அதைச் சொல்லவில்லையா?

ஆக்களுக்கு ஓர் அறிவித்தல். வேளாண்மை வெட்டு நெருங்குவதால் நாங்கள் பழகுகிற சீமெந்துத் தளம் நெல் காயப்போடத் தேவைப்படும். அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை, அந்த நெல்லில்தான் எல்லோரும் சாப்பிடுகிறோம். அதுவரை பயிற்சி பாடசாலை மைதானத்தில், அசருக்குப் பிறகு மகரிபுக்கு முன். அங்கே ரிங் இல்லை. முதல் மூன்று கிழமை நாங்கள் ரிங்கைப் பார்க்கவே இல்லை என்பதால் அது பெரிய காரியமில்லை. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு 5ஆம் இலக்கச் சின்னப் பந்து இரண்டு தேவை. பழையதென்றாலும் பரவாயில்லை, காற்று நின்றால் போதும். வாப்பாமார் வந்து பாருங்கள். ஆள் குறைந்தால் ஒரு மூலையில் உங்களையும் நிறுத்துவேன்.