படப்பிடிப்புக்கு அனுமதி தருவது யார்? ஊரைக் கேட்பது யார்?

2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் மாவட்டம் கீழையூர் அருகேயுள்ள விழுந்தமாவடியில் ‘வேட்டுவம்’ திரைப்படத்தின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. வேகமாக வரும் கார் ஒன்று சாய்தளத்தில் ஏறிப் பாய்ந்து கவிழ வேண்டிய காட்சி. அந்தக் காரை ஓட்டிய சண்டைக் கலைஞர் மோகன்ராஜ் உயிரிழந்தார். அந்தக் காட்சி கைப்பேசிகள் வழியே பரவியதை நம்மில் பலரும் பார்த்திருப்போம். இயக்குநர் உள்ளிட்ட சிலர் மீது கீழையூர் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. வழக்கமான முன்னேற்பாடுகளோடும் எச்சரிக்கையோடும்தான் அன்றைய வேலையைத் தொடங்கியதாகப் படக்குழு விளக்கம் தந்தது. தவறு யாருடையது என்பதைச் சட்டம் முடிவு செய்யட்டும்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஓர் ஊருக்குள் படக்குழு வருகிறது, சாலையை மறிக்கிறது, வயலில் இறங்குகிறது, சில நேரங்களில் உயிருக்கு ஆபத்தான காட்சியையும் எடுக்கிறது. அதற்கு அனுமதி தருவது யார்? அந்த அனுமதியில் ஊர் மக்களுக்கு என்ன இடம் இருக்கிறது?

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் வாழும் நமக்கு இது தொலைவில் உள்ள பிரச்சினை அல்ல. பச்சை வயலும் வாய்க்காலும் பழைய வீடுகளும் தேடி டெல்டாவுக்குப் படக்குழுக்கள் வருகின்றன. திரைப்படம் மட்டுமல்ல, வெப் தொடர், விளம்பரம், யூடியூப் சேனல், திருமண வீடியோ என்று கேமராக்கள் பெருகிவிட்டன.

ஒரே ஊரில் பல கதவுகள்

‘படப்பிடிப்பு அனுமதி’ என்றதும் எல்லாவற்றையும் முடிவு செய்யும் ஏதோ ஓர் அலுவலகம் இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் இடம் யாருடையதோ, அனுமதியும் அவர்களுடையது.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். 1987 முதல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி, மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னத்தில் திரைப்படம் எடுக்க இந்தியத் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரின் உரிமம் வேண்டும். 2018 ஜூலையில், பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் பார்வையாளர்கள் புகைப்படம் எடுப்பதற்கு இருந்த தடையை ஒருசில இடங்கள் நீங்கலாக அந்தத் துறை தளர்த்தியது. அது சுற்றுலாப் பயணியின் கேமராவுக்குத்தான், படப்பிடிப்புக்கு அல்ல.

கோடியக்கரைக்குப் போனால் கதவு மாறுகிறது. 1967-இல் சரணாலயமான அந்தப் பகுதிக்குள் கேமராவோடு நுழைய 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின் கீழ் வனத்துறை அனுமதி வேண்டும். 2022-இல் வந்த திருத்தம், வாழிடத்தை மாற்றாமலும் உயிரினங்களுக்குத் தீங்கு செய்யாமலும்தான் படம் எடுக்க வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது.

ஆறும் அணையும் நீர்வளத் துறையிடம். பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையிடம். தெரு, தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மாநகராட்சியிடம்; அதிராம்பட்டினத்திலும் கூத்தாநல்லூரிலும் நகராட்சியிடம்; முத்துப்பேட்டையில் பேரூராட்சியிடம்; சிற்றூர்களில் ஊராட்சியிடம். கூட்டமும் போக்குவரத்தும் காவல்துறையின் பொறுப்பு.

வானத்துக்கும் ஒரு கதவு உண்டு. தஞ்சாவூரில் 2013 முதல் விமானப்படைத் தளம் இயங்குகிறது. 2020 ஜனவரி முதல் சுகோய் போர் விமானங்களின் படைப்பிரிவும் அங்கே இருக்கிறது. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று மண்டலங்களாகப் பிரித்துள்ளன. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிட முடியாது. நிக்காஹ் வீடியோவுக்கு ட்ரோன் கேட்கும் குடும்பங்கள், தங்கள் மண்டபம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று ஒளிப்பதிவாளரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. ‘டிஜிட்டல் ஸ்கை’ தளத்தில் வரைபடம் இருக்கிறது.

இத்தனை கதவுகளும் பார்ப்பது தங்கள் சொத்தை மட்டும்தான். தொல்லியல் துறை கல்லைப் பார்க்கிறது. வனத்துறை பறவையைப் பார்க்கிறது. விமானப்படை வானத்தைப் பார்க்கிறது. அங்கே வாழும் மனிதர்களைப் பார்க்க வேண்டிய கதவு உள்ளாட்சிதான். அந்தக் கதவுதான் இருப்பதிலேயே பலவீனமாக இருக்கிறது.

வயல் யாருடையது?

படத்தில் விலங்குகளைப் பயன்படுத்த 2001-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி தேவை. சென்னை திருவான்மியூரில் இயங்கிய அந்த வாரியத்தின் தலைமையகம் 2018-இல் ஹரியானாவுக்கு மாற்றப்பட்டது. கேமரா முன் ஒரு மாடு வர ஹரியானா வரை எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த மாடு நிற்கும் வயலில் பாடுபடுகிறவரின் சம்மதமோ, பல நேரங்களில் வாய்ப்பேச்சோடு முடிந்துவிடுகிறது.

டெல்டாவில் இது சிறிய விஷயம் அல்ல. இங்கே கோயில் நிலங்களும் மடங்களின் நிலங்களும் வக்ஃப் நிலங்களும் ஏராளம். அவற்றில் பயிர் செய்கிறவர்களில் பெரும்பாலோர் குத்தகைதாரர்கள். 1955-ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவர்களுக்கென்று உரிமையைத் தந்திருக்கிறது. நிலத்தின் சொந்தக்காரர் ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது; பயிர் குத்தகைதாரருடையது. சம்பா கதிர் முற்றி நிற்கும் தை மாதத்தில் நாற்பது ஐம்பது பேர் வரப்பில் ஏறி இறங்கினால், ஜெனரேட்டர் வண்டி வாய்க்கால் கரையை உடைத்தால், இழப்பு அவருக்குத்தான். வாடகைப் பணமோ வேறொருவர் கைக்குப் போயிருக்கும்.

உள்ளாட்சியின் கை ஏன் கட்டப்பட்டிருக்கிறது?

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையைப் பார்த்தால், திரைப்படத்துக்குத் தணிக்கைச் சான்று வழங்குவது மத்திய அரசின் அதிகாரம். சினிமா தொடர்பான மற்றவை மாநிலப் பட்டியலில் வருகின்றன. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது, கேளிக்கை வரி விதிக்கும் உரிமை உள்ளாட்சிகள் வசூலிக்கும் அளவுக்கு மட்டும் மிஞ்சியது. அதற்கென்று தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. அதை எதிர்த்து அந்த ஜூலையில் திரையரங்குகள் மூடிக் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும்.

ஆக, படம் திரையிடப்படும் நகரத்தின் உள்ளாட்சிக்கு வரியில் பங்கு உண்டு. படம் எடுக்கப்பட்ட கிராமத்துக்கு அந்த வரியில் எதுவும் இல்லை. தெருவைக் கொடுத்த ஊருக்கு மிஞ்சுவது அன்றைய கட்டணமும் மறுநாள் அள்ள வேண்டிய குப்பையும்தான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டெல்டா மாவட்டங்கள் உட்பட 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. புதிய தேர்தல் நடக்காததால் நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. விழுந்தமாவடி விபத்து நடந்தபோது டெல்டாவின் கிராம ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரோ வார்டு உறுப்பினரோ இல்லை. ‘ஏன் எங்களைக் கேட்கவில்லை?’ என்று ஊர் மக்கள் சட்டையைப் பிடித்துக் கேட்க ஓர் ஆள்கூட இல்லாத நிலை அது.

ஊராட்சி அலுவலகம் சண்டைக்காட்சியின் பாதுகாப்பை அளந்து சொல்ல முடியாது என்பது சரிதான். தொழிலாளியின் பாதுகாப்பு தயாரிப்பாளரின் பொறுப்பு. திரைப்படத் தொழிலாளர்களுக்காக 1981-இல் தனிச் சட்டம் வந்தது. இப்போது அது 2020-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் எந்த நேரத்தில், எந்தச் சாலையில், பொதுமக்கள் எவ்வளவு தூரம் தள்ளி நிற்க, ஆம்புலன்ஸ் போக வழி விட்டு எடுப்பது என்பதை உள்ளாட்சியும் காவல்துறையும் சேர்ந்து எழுத்தில் நிபந்தனையாக்க முடியும்.

பள்ளிவாசலும் தர்காவும்

நம் மஹல்லாக்களுக்கு வருவோம். படத்தில் முஸ்லிம் பாத்திரம் வந்தால் பின்னணிக்கு ஒரு மினாரா வேண்டும். இல்லையென்றால் நாகூர் வேண்டும். ‘ஒரு ஷாட் மட்டும் பாய், பத்து நிமிஷம்’ என்று வருகிறவர்களிடம், விருந்தாளியை மறுக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் தலையாட்டிவிடுகிறோம்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். பொதுத் தெருவில் நின்று மினாராவைப் படம் பிடிப்பதை ஜமாஅத் தடுக்க முடியாது. ஆனால் பள்ளிவாசல் வளாகம், தர்கா வளாகம், மையவாடி ஆகியவை வக்ஃப் சொத்துகள். அவற்றுக்குள் வருவதற்கு அனுமதி தரும் அதிகாரம் நிர்வாகத்துக்கு உண்டு. மறுக்கும் அதிகாரமும் உண்டு. அந்த அதிகாரம் முத்தவல்லியின் தனிப்பட்ட சொத்து அல்ல. வக்ஃப் கணக்குகளை முறையாகப் பராமரிப்பது சட்டப்படி அவருடைய கடமை. படப்பிடிப்புக்காக ஒரு ரூபாய் வாங்கினாலும் ரசீது போட்டு வக்ஃப் கணக்கில் சேர்க்க வேண்டும். சட்டம் கேட்கிறது என்பது ஒருபுறம். அமானிதம் என்பது அதற்கும் மேல்.

அனுமதி இடத்துக்கா, கருத்துக்கா?

‘அப்படியானால் நம்மைத் தவறாகக் காட்டும் படங்களுக்கு ஊருக்குள் அனுமதியே கிடைக்காமல் செய்துவிடலாமே’ என்று சிலர் சொல்லக்கூடும். இந்த இடத்தில் நிதானம் தேவை.

2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்துக்கு முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தபோது, மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை உத்தரவின் மூலம் திரையிடலை நிறுத்தினார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு சில காட்சிகளும் ஒலிகளும் நீக்கப்பட்டு பிப்ரவரி 7-இல் படம் வெளியானது. அன்றைய மனவேதனை நியாயமானதுதான். ஆனால் சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படம் தொடர்பான வழக்கில் 1989-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது: போராட்டம் வரும், வன்முறை வரும் என்ற அச்சத்தைக் காட்டிக் கருத்துரிமையை முடக்கக் கூடாது, சட்டம் ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை.

இந்தத் தீர்ப்பு நமக்கு எதிரானது அல்ல, நம்மைக் காப்பது. அனுமதி என்ற ஆயுதம் பெரும்பாலும் எளியவர்களின் கேமராவைத்தான் முதலில் தேடி வரும்.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 2002 குஜராத் கலவரத்தைப் பற்றி ‘ஃபைனல் சொல்யூஷன்’ ஆவணப்படம் எடுத்தவர் ராகேஷ் சர்மா. அந்தப் படத்துக்கு இந்தியத் தணிக்கை வாரியம் முதலில் சான்றிதழ் மறுத்து, எதிர்ப்புக்குப் பிறகே வழங்கியது. அதே ராகேஷ் சர்மா 2005-இல் நியூயார்க் தெருவில் சிறிய கைக் கேமராவில் படம் எடுத்தபோது போலீசார் அவரைப் பிடித்து விசாரித்தனர். பின்னர் அனுமதி கேட்டு விண்ணப்பித்தபோதும் மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடர்ந்தார். அந்த வழக்கு சமரசத்தில் முடிந்த 2007-இல், நகர நிர்வாகம் புதிய விதிகளை முன்வைத்தது: இரண்டு பேர் ஓரிடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் கேமரா வைத்திருந்தாலே அனுமதியும் 10 லட்சம் டாலர் காப்பீடும் வேண்டும் என்றது. மக்கள் கொதித்தெழுந்தனர். கடைசியில் 2008-இல் நடைமுறைக்கு வந்த விதி எளிமையானது: கைக் கேமராவோ முக்காலியோ வைத்துக்கொண்டு நடைபாதையை மறிக்காமல் எடுப்பவருக்கு அனுமதி தேவையில்லை, சாலையை மறித்து, வண்டிகளை நிறுத்தி, இடத்தைத் தனதாக்கிக்கொள்பவருக்கு அனுமதி தேவை.

நமக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். வாய்க்காலில் கழிவு கலப்பதைக் கைப்பேசியில் எடுக்கும் இளைஞரிடம் ‘பர்மிஷன் இருக்கா?’ என்று கேட்பதற்காக விதி இருக்கக் கூடாது. நூறு பேரோடும் பத்து வண்டிகளோடும் வந்து தெருவை எடுத்துக்கொள்பவரிடம் கேட்பதற்கே விதி வேண்டும். இடத்துக்கு நிபந்தனை போடுவது ஊரின் உரிமை. கதைக்கு நிபந்தனை போடுவது ஊராட்சியின் வேலை அல்ல. கதையில் குறை இருந்தால் தணிக்கை வாரியமும் நீதிமன்றமும் விமர்சனமும் இருக்கின்றன.

ஜமாஅத்துகள் இப்போதே செய்யக்கூடியவை

முதலாவது, ஒரு பக்கத்தில் நிபந்தனைகளை எழுதி, ஜமாஅத் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி வைத்துக்கொள்ளலாம். தொழுகை நேரங்களிலும் ஜும்ஆ அன்றும் படப்பிடிப்பு கூடாது. ஜனாஸா வந்தால் உடனே நிறுத்த வேண்டும். கப்ருகள் மீது நடக்கவோ பொருட்களை வைக்கவோ கூடாது. வீட்டு வாசலில் நிற்கும் பெண்களையும் பிள்ளைகளையும் சம்மதமின்றிப் படம் பிடிக்கக் கூடாது. சேதத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும். யூனிட் ஊருக்குள் வந்த பிறகு பேசினால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

இரண்டாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை தமிழ்நாட்டில் கிராம சபை கூட வேண்டும். ஊருக்குள் நடக்கும் படப்பிடிப்பின் விவரத்தை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், கட்டணத்தை ஊர்ப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் கொண்டுவரலாம். சகோதர சமுதாய மக்களுக்கும் இதே பிரச்சினைதான். சேர்ந்து கொண்டுவந்தால் அது ஒரு மஹல்லாவின் கோரிக்கையாக இல்லாமல் ஊரின் கோரிக்கையாக நிற்கும்.

மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். எந்தத் துறை அனுமதி தந்தது, என்ன நிபந்தனையில், எவ்வளவு கட்டணத்தில் என்று கேட்டு ஒரு விண்ணப்பம் போடலாம். அடுத்த முறை அனுமதி தருகிற அதிகாரி கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை யோசிப்பார்.

நான்காவது, குத்தகைதாரரின் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வக்ஃப் நிலமாக இருந்தால் இதில் ஜமாஅத்தே முன்மாதிரியாக நடந்து காட்டலாம்.

சினிமா வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். டெல்டாவுக்குப் படக்குழுக்கள் வந்துகொண்டேதான் இருக்கும். அவர்களில் உழைப்பால் வயிற்றைக் கழுவும் தொழிலாளிகள்தான் அதிகம். மோகன்ராஜும் அப்படி ஒரு தொழிலாளிதான். ஊர் தன் நிபந்தனையை எழுத்தில் வைத்திருந்தால் அது ஊராரின் பயிரையும் அமைதியையும் மட்டும் காப்பதில்லை. அவசரத்தில் விடப்படும் ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டை நினைவூட்டி, வந்தவரின் உயிரையும் காக்கக்கூடும்.