கோட்டான் இரண்டு

கோட்டான் என்றதும் நம்மவர் இரவில் அலறும் ஆந்தையையே நினைப்பர். நான் இங்கே கூறப்புகுவது அதனையன்று. கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகோடு, கடல் வற்றிய சேற்றில் நடந்து இரைதேடும் பறவையொன்றுக்கும் அப்பெயர் உண்டு. பறவை நூலார் அதனைக் குதிரைமலைக் கோட்டான் என்பர். கேட்டதும் மன்னாருக்குத் தெற்கேயுள்ள குதிரைமலை முனை நினைவுக்கு வருகின்றதன்றோ? இதற்கு இளைய உறவொன்றும் உண்டு. அதனைச் சிறு கோட்டான் என்போம்.

இரண்டும் ஒரே நிறம், பழுப்பில் கருங்கீற்று. வங்காலைச் சேற்றுவெளியில் தொலைவிற் காண்பவர் மயங்குவது இயல்பே. தலையை நோக்குக. சிறியதன் உச்சியில் இரு கரும்பட்டைகளும், நடுவே வகிடெடுத்தாற்போல் வெளிர்கோடும் இருக்கும். பெரியதற்கு அந்த ஒப்பனையில்லை. அது 'கூர்லீ' என நீட்டி ஏங்கும். சிறியதோ ஒரே சுருதியில் ஏழெட்டு முறை விரைந்து சீழ்க்கையடிக்கும்.

எனினும் வேற்றுமையின் உயிர்நிலை அலகிலேதான். பெரியதன் அலகு 15 சென்ரிமீற்றரையும் தாண்டும். அதிலும் பெடையின் அலகே நெடியது. ஆழத்திலுள்ள புழுவையும் மட்டியையும் துழாவி, அலகின் நுனியை மாத்திரம் திறந்து பற்றும். சிறியதன் அலகு 6 முதல் 9 சென்ரிமீற்றர். நண்டே அதன் விருப்புணவு. நண்டு வளையின் வளைவுக்கு அளவெடுத்துச் செய்தாற்போல் அது பொருந்தும். பிடித்த நண்டின் கால்களை உதறிக் கழித்துவிட்டு விழுங்கும் நேர்த்தி காணத்தக்கது. ஆதலின் ஒரே சேற்றில் இரண்டும் பசியாறும், பந்தியில் சண்டையில்லை.

இவை இங்கே கூடு கட்டுவதில்லை. பெரியது ஐரோப்பிய, சைபீரியப் புல்வெளிகளிலும், சிறியது இன்னும் வடக்கேயும் குஞ்சு பொரித்து, ஆவணி, புரட்டாதியில் வந்து சித்திரையளவில் மீளும்.

மூன்றாம் உறவொன்றும் இருந்தது: மெல்லலகுக் கோட்டான். 1995இல் மொரோக்கோவில் கடைசியாக ஐயமறக் காணப்பட்ட அவ்வினம் அழிந்துவிட்டதென 2025இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. பெரிய கோட்டானும் இன்று அச்சுறுத்தலை அண்மித்த இனங்களின் பட்டியலில் நிற்கின்றது.

வங்காலை 2008இல் சரணாலயமாகி, 2010இல் ராம்சார் ஈரநிலமுமாயிற்று. 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் சுழலத் தொடங்கின. இன்னும் வேண்டாமென 2025இல் மக்கள் வீதிக்கு வந்தனர். காற்று தரும் மின்சாரத்தை நான் பழிக்கவில்லை. பறவைகள் செல்லும் வழியிலேயே தூண்களை நிறுத்தவேண்டுமா என்பதே வினா. வடபுலத்துப் புல்வெளியில் நிகழ்வதை நாம் தடுக்கவியலாது; ஆனால் ஆண்டில் ஏழெட்டு மாதம் அப்பறவை உண்பது நம் சேற்றிலன்றோ?