கந்தோர்த் தேநீர்

சென்ற மாதம் என்னிடம் முன்னர் கல்வி பயின்ற மாணவன் ஒருவன் வீடு தேடி வந்திருந்தான். கொழும்பிலே கணினித் தொழில் செய்யும் தனியார் நிறுவனம் ஒன்றில் அவனுக்கு வேலை. தன் கந்தோரின் சிறப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவன், அங்கே கோப்பியும் தேநீரும் பிஸ்கற்றும் வாழைப்பழமும் எந்நேரமும் எடுத்துக்கொள்ளலாம், ஒரு சதமேனும் கொடுக்க வேண்டியதில்லை என்றான். நான் மகிழ்ந்தேன். வெறும் வயிற்றோடு ஒருவன் எட்டு மணித்தியாலம் வேலை செய்வதைப் பெருமையாகக் கருதுபவன் நானல்லன். “எங்கே இருந்து குடிப்பாய்?” என்று மட்டும் கேட்டேன்.

“மேசையிலேதான், சேர். எழும்பிப் போக எங்கே நேரம்?” என்றான் சிரித்துக்கொண்டு.

அந்தச் சிரிப்பு அவன் போன பின்னரும் என்னை விட்டுப் போகவில்லை. முதலாளிமார் தம் ஊழியருக்குச் சிற்றுண்டியும் பானமும் இலவசமாகவோ குறைந்த விலைக்கோ வழங்குவது நல்ல வழக்கமா என்று எவரேனும் கேட்பின், நல்ல வழக்கமே என்பேன். ஆனால் வழங்கப்படுவது தேநீர் மட்டுமா, அதனைக் குடிப்பதற்குரிய நேரமும் கூடவா என்பதை அறியாமல் அவ்வழக்கத்தைப் புகழ நான் ஆயத்தமாக இல்லை.

இவ்விடயத்தில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 1956 இல் அளித்த தீர்ப்பை நம்மவர் அறிந்திருத்தல் நன்று. கொலராடோ மாநிலத்து டென்வர் நகரிலே கழுத்துப்பட்டி நெய்யும் சிறிய ஆலை ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போர் இளைஞரை அழைத்துக்கொண்டு போய்விடவே, தறிகளில் முதியவரை அமர்த்திப் பார்த்தார்கள், நெசவு சரிவரவில்லை. பின்னர் நடுத்தர வயதுப் பெண்கள் வந்தனர். அவர்களிடம் கைத்திறன் இருந்தது. நாள் முழுவதும் தறியோடு நின்று பிடிக்கும் தெம்பு இருக்கவில்லை. உரிமையாளர் தொழிலாளரைக் கூட்டி யோசனை கேட்டார். காலையில் 15 நிமிடமும் பிற்பகலில் 15 நிமிடமும் ஓய்வு வேண்டும், அவ்வேளையில் கோப்பியோ தேநீரோ வேண்டும் என்றார்கள் அவர்கள். அவ்வாறே செய்யப்பட்டது, வேலையும் பெருகிற்று. அகமகிழ்ந்த உரிமையாளர் அவ்விடைவேளையை எல்லார்க்கும் கட்டாயமாக்கினார். ஆயினும் அந்த 30 நிமிடத்துக்கும் கூலி கிடையாது என்றுவிட்டார்! தொழில் திணைக்களம் வழக்குத் தொடுத்தது. இடைவேளையால் தொழிலாளி இளைப்பாறுகிறாள் என்பது மெய்யே. ஆனால் அவள் இளைப்பாறுவதால் ஆலைக்கும் ஆதாயம் உண்டு. ஆதலின் அந்நேரமும் வேலைநேரமாகவே கணிக்கப்பட்டுக் கூலி கொடுக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

முதலாளி ஊற்றும் தேநீரிலே அவருடைய தயையும் இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய இலாபமும் அதிலே கரைந்திருக்கிறது என்பதை அந்தத் தீர்ப்பு வெளிப்படையாகச் சொல்லிற்று. பிரித்தானிய அரசு 1940 இல், போர்த்தளபாடங்கள் செய்யும் ஆலைகளில் 250 பேருக்கு மேல் வேலை செய்தால் அங்கே உணவுச்சாலை அமைக்க வேண்டும் எனக் கட்டளையிட வகை செய்தது தொழிலாளர்மீது கொண்ட பாசத்தினால் மட்டுமன்று. பசித்த கை குண்டைச் சரியாகச் செய்யாது என்பது அவர்களுக்குத் தெரியும். இந்தியாவில் 1948 இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம் இன்னும் ஒரு படி முன்சென்று, சிற்றுண்டிச்சாலையை நடத்தும் குழுவிலே தொழிலாளரின் பிரதிநிதிகளும் இருக்க இடம் வகுத்தது. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். வடை எவ்வளவு பெரிதாயிருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை, வடையைக் காட்டிலும் பெரிது.

இனி என் கதை. ஆசிரியத் தொழிலுக்கு வருமுன்னர், 1970களில், கொழும்பிலே ஒரு கந்தோரில் இரண்டாண்டு இலிகிதனாக இருந்தேன். கந்தோரின் பெயர் வேண்டாம். அங்கே காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் தேநீர் வரும். செலவில் பாதி கந்தோருடையது. மறுபாதிக்காக எல்லாருடைய சம்பளத்திலும் மாதந்தோறும் ஒரே தொகை கழிக்கப்படும். அதிகாரிகளுக்குப் பீங்கான் கோப்பையில் பால் தேநீர், தட்டமும் கரண்டியும் உண்டு. எங்களுக்குக் கண்ணாடிக் கிளாசில் பால் தேநீர். பியோன்மாருக்கும் கூட்டித் துடைப்பவருக்கும் தகரக் குவளையில் வெறுந்தேநீர். நாட்டிலே சீனிக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில், சீனி பீங்கான் கோப்பைகளுக்கு மட்டும் போயிற்று.

நலன்புரிச் சங்கக் கூட்டம் ஒன்றிலே, மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து எங்கள் கந்தோரைக் கூட்டிக்கொண்டிருந்த வயோதிபர் ஒருவர் எழுந்து நின்றார். “காசு ஒண்ணு, கோப்பை மட்டும் மூணுங்களா ஐயா?” என்று கேட்டார். வேறொன்றும் பேசவில்லை. எல்லார்க்கும் ஒரே கிளாஸ் என்ற பிரேரணையை ஒருவர் கொண்டுவர, கை உயர்த்துமாறு தலைவர் சொன்னார். உயர்ந்த கைகள் மிகச் சில. என் கை அவற்றுள் ஒன்றன்று. என் கிளாசும் தகரக் குவளையாகிவிடுமோ என்று நான் அஞ்சினேன். இதனை இன்று எழுதும்போதும் வெட்கமாயிருக்கிறது.

மறுநாள் முதல் அவர் கந்தோர்த் தேநீரைக் குடிக்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு போத்தலில் தேநீர் கொண்டுவந்தார். மலையிலே தம் தாயார் அப்படித்தான் கொண்டுபோவாராம். பிற்காலத்தில் தோட்டப் பகுதிப் பாடசாலை ஒன்றிலே கற்பிக்கப் போனபோது அந்தப் போத்தல்களை நானும் கண்டேன். உலகத்துக் கந்தோர்களுக்கெல்லாம் தேயிலை அனுப்பும் கைகள், வீட்டில் ஊற்றி வந்த ஆறிய தேநீரைச் செடிகளின் நடுவே நின்றபடி குடிக்கின்றன. உட்கார்ந்தால் கொழுந்தின் நிறை குறையும். நிறை குறைந்தால் அன்றைய நாள் அரைப்பேராகும். இலங்கையின் 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்திலே தேநீர் இடைவேளைக்கு இடமுண்டு. மலைச்சரிவு கடையுமன்று, அலுவலகமுமன்று.

இவற்றையெல்லாம் விட்டு, தேநீர்ச் செலவைச் சம்பளத்தோடு சேர்த்துப் பணமாகவே கொடுத்துவிட்டால் என்ன என்பாரும் உளர். அவர்களது ஐயத்துக்கு வரலாறு உண்டு. தொழிலாளிக்குப் பணத்துக்குப் பதிலாகப் பண்டத்தைக் கொடுத்து ஏய்க்கும் வழக்கத்தைத் தடுக்கப் பிரித்தானியாவில் 1831 இலேயே சட்டம் செய்தார்கள். நம் தோட்டங்களிலோ அரிசியைக் கொடுத்துக் கூலியிற் கழிக்கும் முறை அதன் பின்னரும் நெடுங்காலம் நிலவிற்று. ஆகவே பிஸ்கற்றைக் காட்டிச் சம்பள உயர்வை மறுக்கும் முதலாளியை நம்பலாகாது என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் பணமாகக் கொடுத்தால் பத்து மணிக்கு அந்தப் பணம் தேநீராக மாறாது. மார்ச் 2022 இல் ஒரு கோப்பைப் பால் தேநீர் 100 ரூபாயானபோது, பையில் காசிருந்தும் குடிக்க மனமின்றித் திரும்பியோர் எத்தனை பேர்! எனக்குத் தெரிந்த கந்தோர்கள் சிலவற்றில் அவ்வேளையில் முதலில் நிறுத்தப்பட்டதும் ஊழியரின் பால் தேநீர்தான். தயவாக வந்தது, தயவு தீர்ந்தவுடன் போயிற்று.

இலவசம், அரைவிலை இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால் நான் அரைவிலையையே கேட்பேன். ஐந்து சதமேனும் கொடுத்துக் குடிப்பவன், ‘இன்றைக்குத் தேநீர் தண்ணீராயிருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்லலாம். இலவசமாகக் குடிப்பவன் அதைச் சொன்னால் நன்றி மறந்தவனாகிறான். என் மாணவனுடைய கந்தோரிலே கோப்பி கசந்தால் யாரிடம் முறையிடுவது என்று அவனைக் கேட்டேன். அவனுக்கு அக்கேள்வியே விளங்கவில்லை.

கந்தோர்களைப் பற்றிப் பேசும் நாம் நமது ஆசிரியர் அறையையும் சற்று எட்டிப் பார்க்கலாம். நான் கடைசியாகக் கற்பித்த பாடசாலையிலே தேநீருக்கு ஆசிரியர் எல்லாரும் மாதச் சந்தா கட்டுவோம். பட்டியல் ஒன்று சுவரில் தொங்கும். தேநீர் ஊற்றித் தரும் அம்மாவின் பெயர் அதில் இல்லை. எங்கள் கோப்பைகளைக் கழுவி வைத்த பின்னர், மிஞ்சியதைக் குசினி வாசலில் நின்று அவர் குடிப்பார். பல ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஓய்வுபெறும் நாளன்று அவர் பெயரைப் பட்டியலின் அடியில் எழுதி, ஆறு மாதச் சந்தாவை முற்பணமாகக் கட்டிவிட்டு வந்தேன். அந்த ஆறு மாதம் எப்போதோ கடந்துவிட்டது. அவர் இப்போது எங்கே இருந்து குடிக்கிறார் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.