பெரிய கொடுவா எல்லாம் பொண்ணுதான்!

மார்க்கெட்டில் பத்துக் கிலோ கொடுவாவைப் பார்த்தால் உடனே செல்போனை எடுத்து போட்டோ பிடிக்கிறோம். அந்த மீனைப் பற்றி ஒரு சேதி தெரியுமா? ஒரு காலத்தில் அது ஆணாக இருந்த மீன்!

கொடுவா முதலில் ஆணாகத்தான் பருவத்துக்கு வரும். இரண்டு, மூன்று கிலோ எடை வரை பெரும்பாலும் ஆண்தான். நான்கைந்து கிலோவைத் தாண்டும்போது பெண்ணாக மாறிவிடும். பெரிய பெண் மீன் ஒன்று லட்சக்கணக்கில் முட்டையிடும். வங்காளிகளின் பேட்கி, ஆஸ்திரேலியர்களின் பாரமுண்டி எல்லாம் இதே மீன்தான்.

எங்கே வளருது?

மழைக்காலத்தை ஒட்டி, ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரப் பக்கம் கொடுவா முட்டையிடும். குஞ்சுகள் கடல் ஏற்றத்தோடு கழிமுகத்துக்குள் நுழைந்து, இறாலையும் சின்ன மீனையும் தின்று வளரும். திருவாடானை தாலுகாவில் தொண்டிக்குத் தெற்கே இருக்கும் காரங்காடு மாதிரியான அலையாத்திக் காடுகள்தான் இப்படிப்பட்ட குஞ்சுகளுக்குத் தொட்டில். வனத்துறையின் படகுச் சவாரியில் போகிறவர்கள் பறவையைப் பார்ப்பதோடு, தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் அந்த வேர்களையும் கொஞ்சம் பாருங்கள்.

அமெரிக்காவில் என்ன செய்றாங்க?

அங்கே 'ஸ்ட்ரைப்டு பாஸ்' என்று ஒரு வரி மீன். நம் கொடுவாவுக்கு நேர் எதிர்: ஆற்றில் முட்டையிட்டு, கடலில் வாழும். இலையுதிர் காலத்தில் இது கூட்டமாகத் தெற்கே நகரும்போது, சின்னப் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தூண்டில் போடக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் அட்லாண்டிக் கடலோரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரே மீன். அதுவும் 28 அங்குலத்துக்குக் குறையாமல், 31 அங்குலத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும். குட்டியையும் விடணும், தாயையும் விடணும் என்பதுதான் கணக்கு.

நம்ம ஊருக்கு ஒத்து வருமா?

வள்ளத்தில் விடிய விடியக் காத்திருக்கும் மீனவருக்கு, அந்த ஒரு பெரிய கொடுவாதான் அன்றைய டீசல் காசு, வீட்டுச் செலவு எல்லாமே. அவரிடம் போய் 'விட்டுடுங்க அண்ணே' என்று சொல்ல நமக்கு வாய் வராது. சொல்லவும் கூடாது.

ஆனால் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்கள் செய்யலாம். பெரிய மீன் மாட்டினால் ஒரு போட்டோ எடுத்துவிட்டு, மூச்சு அடங்குவதற்குள் தண்ணீரில் விட்டுவிடலாம். குழம்புக்கு இரண்டு, மூன்று கிலோ மீனே தாராளம்.

வாங்குகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-லேயே கொடுவாவைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டது. இன்று பண்ணைக் கொடுவா கடைக்கு வருகிறது. சின்ன மீன் வேண்டுமென்றால், 'இது பண்ணையா, கடலா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கழிமுகத்தில் பிடித்த குட்டி என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது இன்னும் ஆணாகக்கூட ஆகாத மீன். அம்மா ஆவதற்கு அதற்கு இன்னும் சில வருஷம் வேணும்!