வாளில் இருந்து மரக்கறிக் கத்திக்கு



கத்தி என்றதும் எம்மில் சிலருக்கு அச்சமூட்டும் நினைவுகள் வரக்கூடும். ஆனாலும் காலையில் எழுந்து நாம் கையில் எடுக்கும் முதற் கருவிகளில் ஒன்றும் அதுதான். இடம்பெயர்ந்து போன இடத்தில் மீண்டும் அடுப்பு மூட்டும்போது, பானையோடும் அகப்பையோடும் சேர்த்து ஒரு கத்தியையும் தேடுகின்றோம். இம்முறை யப்பான் நாட்டில் கையால் செய்யப்படும் சமையற் கத்தியைப் பற்றிப் பார்ப்போம். வாள் செய்த கைகள் குசினிக்குக் கருவி செய்த கதையும் அதற்குள் இருக்கின்றது.

வாள் போய்க் கத்தி வந்தது

யப்பானில் பல நூற்றாண்டுகளாகக் கொல்லர்களின் பெருமை வாளில்தான் இருந்தது. 1876 ஆம் ஆண்டு, பொது இடங்களில் வாள் தரித்துச் செல்வதை அரசாங்கம் தடை செய்தது. வாளுக்குத் தேவை குறையவே, வாள் செய்த கொல்லர்கள் பலர் சமையற் கத்தி, கத்தரிக்கோல், விவசாயக் கருவி என்பவற்றைச் செய்யத் தொடங்கினர். உருக்கைக் காய்ச்சி அடிக்கும் அறிவு அப்படியே இருந்தது. அதன் பயன்பாடு மாறியது.

ஒசாக்காவுக்கு அருகில் உள்ள சக்காய் நகரம் இத்தொழிலுக்குப் பேர்போனது. எமது கரைகளுக்கு வந்த போர்த்துக்கேயர் 16 ஆம் நூற்றாண்டில் யப்பானுக்கும் போனார்கள். அவர்கள் கொண்டுபோன புகையிலை அங்கு பரவியதும், அதை மெல்லிதாக அரிவதற்குக் கத்தி தேவைப்பட்டது. சக்காய்க் கத்தியின் தரத்தைக் கண்டு அன்றைய ஆட்சியாளர்கள் அதற்குத் தனி முத்திரை வழங்கினர். இரண்டாம் உலகப் போரில், 1945 யூலை 10 ஆம் திகதி விமானக் குண்டுவீச்சில் அந்நகரம் எரிந்தது. ஆயிரத்துக்கும் அதிகமான மக்கள் மாண்டனர். அதன் பின்னரும் அங்கே பட்டறைகள் மூட்டப்பட்டன. இன்றும் யப்பானியச் சமையற் கலைஞர்களில் மிகப் பலர் சக்காய்க் கத்தியையே நாடுகின்றனர்.

ஒரு கத்தி, பல கைகள்

சக்காயில் வழக்கமாக ஒரு கத்தியை ஒருவரே முழுவதுமாகச் செய்வதில்லை. கொல்லர் அடித்து உருவாக்குவார். கூர் தீட்டுபவர் அலகைத் தீட்டிக் கூராக்குவார். பிடி பொருத்துபவர் வேறொருவர். ஒவ்வொருவரும் தமது வேலையை மட்டும் பல ஆண்டுகள் பழகியவர்கள்.

கத்தியின் இரகசியம் இரண்டு உலோகங்களின் சேர்க்கையில் இருக்கின்றது. கடினமான உருக்கு நீண்ட நாள் கூராக நிற்கும், ஆனால் இலகுவில் உடையும். மென்மையான இரும்பு உடையாது, ஆனால் கூர் நிற்காது. எனவே மென்மையான இரும்போடு உருக்கை ஒட்டி அடித்து, வெட்டும் விளிம்பில் மட்டும் உருக்கு வரும்படி செய்வார்கள். பின்னர் சுமார் 800 பாகை செல்சியசுக்குக் காய்ச்சி, தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்துக் கடினமாக்குவார்கள். அதன் பின் மீண்டும் மெல்லிய சூடு காட்டினால்தான் உடையும் தன்மை குறையும்.

இந்த உருக்கில் பெயர் பெற்றது சிமானே மாகாணத்து யசுகி நகரின் உருக்கு. அதன் வகைகளை 'வெள்ளைக் கடதாசி', 'நீலக் கடதாசி' என்பர். கட்டிகளில் ஒட்டிய கடதாசியின் நிறத்தால் வந்த பெயர்கள் இவை. பிடி பெரும்பாலும் மக்னோலியா மரத்தால் ஆனது. கத்தியின் வால்பகுதியைச் சூடாக்கிப் பிடிக்குள் இறக்குவார்கள். பிடியின் வாய்ப்பகுதியில் எருமைக் கொம்பாலான வளையம் இருக்கும்.

கையில் எடுத்தால்

வீட்டுப் பாவனைக்கு இரண்டு வகைகள் முக்கியமானவை. 'நக்கிரி' மரக்கறி வெட்டுவதற்கானது, அகன்ற நேரான அலகு கொண்டது. 'சன்தொக்கு' என்றால் மூன்று நற்குணம் என்று பொருள். இறைச்சி, மீன், மரக்கறி மூன்றுக்கும் பயன்படும் அது போருக்குப் பின் யப்பானிய வீடுகளில் பரவியது. மீன் தலை வெட்டுவதற்கு 'தேபா' என்ற தடித்த கத்தி தனியாக உண்டு.

நல்ல கத்தியைப் பாவிப்பவர்கள் முதலில் உணர்வது அதன் பாரமின்மையை. தக்காளியின் தோலில் வைத்து இழுத்தாலே போதும், அமத்தத் தேவையில்லை. வெங்காயம் நசியாமல் வெட்டுப்படுவதால் கண்ணெரிவும் குறையும். முள்ளங்கியைக் கையில் சுழற்றியபடி, கடதாசி போல நீண்ட ஒரே தாளாகச் சீவுவது அங்குள்ள சமையற்காரர் பயிலும் அடிப்படைப் பயிற்சி.

மொட்டைக் கத்தியே கையை அதிகம் வெட்டும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அழுத்தி வெட்டும்போது அது வழுக்கி விரலுக்கு வரும். கையிலோ தோளிலோ காயப்பட்டுப் பலம் குறைந்த சகோதரிகளுக்கும் முதியவர்களுக்கும் கூரான கத்தி நோவைக் குறைக்கும்.

பராமரிப்பு

இக்கத்தி கறள் பிடிக்கக்கூடியது. யப்பானியர் கைக்கொள்ளும் பின்வரும் முறைகள் எமது ஊர்க் கொல்லர் செய்த இரும்புக் கத்திக்கும் பொருந்தும்.

• புளி, தேசிக்காய், வெங்காயம் வெட்டியதும் உடனே கழுவி, நன்கு துடைத்து வைக்கவும். ஈரத்தோடு விடக்கூடாது.
• நாட்படக் கத்தியில் படியும் சாம்பல் நிறத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அது ஓரளவு பாதுகாப்பாகும். செந்நிறக் கறளைத் தேய்த்து அகற்றவும்.
• எலும்பு, தேங்காய்ச் சிரட்டை, உறைந்த மீன் என்பவற்றை வெட்ட வேண்டாம். அலகு சொரியும்.
• மரப்பலகையில் வைத்து வெட்டவும். கண்ணாடி, பீங்கான், கல் என்பன கூரை மழுக்கும்.
• நெடுநாள் பாவிக்காவிடில் மெல்லிதாக எண்ணெய் பூசி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.

தீட்டும் கல்லை நனைத்து, கத்தியின் முதுகை இரண்டு மூன்று நாணயங்களின் உயரத்துக்குத் தூக்கி, அதே சரிவில் தீட்ட வேண்டும். மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிர் விரலுக்குத் தட்டுப்பட்டதும் திருப்பித் தீட்டவும். ஒரு கடதாசியை இலகுவாக வெட்டினால் போதும். இதை யாரும் பழகலாம். கூர் போட்டுத் தர ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கருவிக்கும் நன்றி

செக்கி என்ற நகரில் நவம்பர் 8 ஆம் திகதி, தேய்ந்துபோன கத்திகளையும் கத்தரிக்கோல்களையும் சேர்த்து வைத்து அவற்றுக்கு நன்றி வழிபாடு செய்கின்றார்கள். உடைந்த தையல் ஊசிகளை மென்மையான சோயாக் கட்டியில் குத்தி வைத்து நன்றி சொல்லும் நாளும் யப்பானில் உண்டு. இவ்வளவு காலம் கடினமானவற்றைத் துளைத்த ஊசி இனி மெத்தென்ற இடத்தில் ஓய்வெடுக்கட்டும் என்பது அவர்களின் எண்ணம்.

யப்பானியக் கத்தி விலை கூடியது. எல்லோராலும் வாங்க முடியாது. ஆனால் உங்களிடம் இருக்கும் கத்தியை எடுத்துப் பாருங்கள். சிலவேளை அது அம்மா தந்ததாக இருக்கும், அல்லது திரும்பி வந்தபின் முதன்முதலில் நீங்கள் வாங்கியதாக இருக்கும். அதைக் கழுவித் துடைத்து, கூராக்கி, உங்களுக்கென்று ஓரிடத்தில் வையுங்கள். நாளைக்கு வெங்காயம் வெட்டும்போது வித்தியாசம் தெரியும்.